குண்டலுபேட்டை வழியாக

மைசூரிலிருந்து உதகைக்கு மோட்டாரில் செல்பவர்கள் குண்டலுபேட்டையைத் தவிர்க்க முடியாது. ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தெற்கே சென்றதும் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வயநாட்டின் வழியாகக் கோழிக்கோட்டுக்குப் போகிறது. மற்றது பந்திப்பூர்க் காட்டின் ஊடே கூடலூருக்கும், அங்கிருந்து மலையேறி உதகைக்கும் போகிறது. முன்னாளில் இந்த இரண்டாவது சாலைக்கு 67-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் தொடங்கி, திருச்சி, கோவை, உதகை என்று தமிழ்நாட்டைக் குறுக்கே அளந்துகொண்டு வந்து, இந்தக் குண்டலுபேட்டையில் அது முடியும். பின்னர் எண்களை மாற்றிவிட்டார்கள். கோவையிலிருந்து வரும் பகுதி இப்பொழுது 181. பெரியவர்கள் இன்றும் பழைய எண்ணைத்தான் சொல்லுகிறார்கள்.

ஊர் பெரிய ஊர் அன்று. 1997 வரை மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு சாமராஜநகர் தனி மாவட்டம் ஆனபோது அதனுடன் சேர்ந்தது. கடைத்தெருவில் கன்னடம், தமிழ், மலையாளம் ஆகிய மூன்றையும் கேட்கலாம். ஒரே மனிதர் ஒரே வாக்கியத்தில் மூன்றையும் பேசுவதையும் கேட்கலாம்.

இந்த ஊரில் ஒரு மாலை நாங்கள் பட்ட பாட்டை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் நண்பர்கள் பலர், "இ-சிம் வாங்கலாமா? அது போதுமா?" என்று எங்களைக் கேட்டு வருகிறார்கள். வாங்கலாம் என்பதே எங்கள் விடை. போதுமா என்பதற்கு விடை அவ்வளவு சுருக்கமாக இல்லை.

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மெல்பர்னில் குளிர்காலப் பள்ளி விடுமுறை விட்டதும் நாங்கள் குடும்பத்துடன் தாயகம் புறப்பட்டோம். நாங்கள் இருவர், பதினைந்து வயது மகள், பத்து வயது மகன். முதல் வாரம் பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் ஆகிய இடங்களைக் குழந்தைகளுக்குக் காட்டுவது. இரண்டாவது வாரம் உதகையில் தங்கையின் வீட்டில் இருப்பது. எங்கள் அம்மா அங்கேதான் இருக்கிறார்கள். வயது எண்பத்தொன்று. நாங்கள் வரும் நாளைச் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருப்பதாகத் தங்கை எழுதியிருந்தாள்.

எங்கள் கைத்தொலைபேசி நிறுவனத்தார், இந்தியாவில் அவர்களுடைய இணைப்பையே பயன்படுத்த ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 10 டாலர் கேட்டார்கள். தொலைபேசி வைத்திருப்பவர் மூவர். பதினான்கு நாளுக்கு 420 டாலர் ஆகிறது. அந்தப் பணத்துக்கு அம்மாவுக்கு நல்ல கம்பளிப் போர்வையும், குழந்தைகளுக்குக் காட்டில் யானைச் சவாரி வண்டியும், இன்னும் எத்தனையோ வாங்கலாம் என்று கணக்குப் போட்டோம். ஆகவே பயண இ-சிம் வாங்குவதென்று முடிவு செய்தோம். ஏழு நாள் கெடுவுள்ள திட்டம். இரண்டாவது வாரத்துக்குத் தங்கை ஏதாவது ஏற்பாடு செய்வாள் என்று எண்ணம்.

இ-சிம் என்பது என்ன என்று அறியாத பெரியவர்களுக்காகச் சில வார்த்தைகள். சிம் அட்டை நாம் எல்லோரும் அறிந்தது. நகத்தளவு உள்ள துண்டு. அதில் உள்ள சில்லில்தான் நாம் யார், எந்த நிறுவனத்தின் சந்தாதாரர் என்ற அடையாளம் பதிந்திருக்கிறது. இ-சிம்மில் அந்தச் சில்லைத் தொலைபேசி செய்யும்போதே உள்ளே பொருத்திவிடுகிறார்கள். அடையாளம் மட்டும் இணையத்தின் வழியாக வந்து அதில் இறங்குகிறது. ஒரு கியூ.ஆர். கட்டத்தைப் படம் பிடித்தால் போதும். உலகக் கைத்தொலைபேசி நிறுவனங்களின் சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ. இதற்கான பொது விதிகளை 2016-இல் வெளியிட்டது. 2017-இல் கூகுளின் பிக்ஸல் 2 தொலைபேசியிலும், 2018-இல் ஆப்பிளின் ஐபோன் எக்ஸ்.எஸ். வரிசையிலும் இது வந்தது. 2022-இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இல் அட்டை செருகும் தட்டையே எடுத்துவிட்டார்கள்.

பயண இ-சிம் விற்பவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தக் கோபுரம் கிடையாது. ஏதோ ஒரு நாட்டு நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கி நமக்குச் சில்லறையாக விற்கிறார்கள். நம்முடைய தொலைபேசி அந்த நிறுவனத்தின் பெயரால், ஒரு விருந்தாளியைப்போல, இந்தியக் கோபுரங்களில் சென்று தங்குகிறது. "இந்தியா இ-சிம்" என்று உறையில் எழுதியிருந்தாலும் அது வெளிநாட்டு சிம்தான். இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, அந்த இணைப்புக்கு "டேட்டா ரோமிங்" என்பதைத் திறந்து வைக்க வேண்டும். திறக்காவிட்டால் எதுவும் வராது. வீட்டு எண்ணுக்கு அதையே மூடி வைக்க வேண்டும். மூடாவிட்டால் கட்டணம் வந்து சேரும். இரண்டாவது, நாம் கேட்கும் செய்தி நேரே வருவதில்லை. பெரும்பாலும் அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் ஊருக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறது. மைசூரில் சயாஜி ராவ் சாலையில் நின்றுகொண்டு நாங்கள் செய்தித்தாள் பார்த்தபோது, சிங்கப்பூரில் வீடு வாங்கச் சொல்லி விளம்பரம் வந்தது. இந்தியாவுக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டும் கதவு திறக்கும் வலைத்தளங்கள் சில, இந்தச் சுற்று வழியால் நம்மை வெளியாள் என்று எண்ணி மூடிக்கொள்வதும் உண்டு.

எங்கே வாங்குவது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 2024 ஜனவரியில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை ஏரலோ, ஹோலாஃபிளை என்னும் இரண்டு பெரிய நிறுவனங்களின் வலைத்தளங்களை நாட்டுக்குள் தடுக்க உத்தரவிட்டது. வெளிநாட்டு சிம்களை அங்கே விற்பதற்கு வேண்டிய தடையில்லாச் சான்றை அவர்கள் பெறவில்லை என்பதும், இத்தகைய சிம்கள் இணைய மோசடிக்குப் பயன்படுகின்றன என்பதும் சொல்லப்பட்ட காரணங்கள். நாங்கள் வாங்கியது இவர்களிடம் அன்று. எனினும் எவரிடம் வாங்கினாலும், புறப்படுமுன் நம் வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்வது நலம். போய் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடலாகாது.

பெங்களூரில் ஞாயிறு மாலை இறங்கினோம். விமானம் தரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மகள் இணைப்பைத் திறந்துவிட்டாள். மணி ஐந்து பத்து. உடனே வேலை செய்தது. வெளியே ஒரு குடும்பத்தார் சிம் கடையில் கடவுச்சீட்டு, விசா, புகைப்படம் எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு நின்றார்கள். நாங்கள் சற்றே கர்வத்துடன் அவர்களைக் கடந்து சென்றோம்.

அந்தக் கர்வம் வாடகைக் காரில் ஏறும்வரைதான் இருந்தது. கார்க்காரர், "உங்க நம்பர் சொல்லுங்க" என்றார். பயண இ-சிம்களில் பெரும்பாலானவற்றில் இணையம் உண்டு, எண் கிடையாது. வழி பார்க்கலாம், வாட்ஸ்அப்பில் பேசலாம், படம் அனுப்பலாம். ஆனால் தொலைபேசி எண் ஒன்று கேட்டால் கொடுப்பதற்கு இல்லை. இந்தியாவிலோ, இன்று எல்லோரும் கேட்பது அதைத்தான். விமான நிலையத்து இலவச வைஃபைக்கு எண். உணவு வரவழைக்க எண். மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கினால் ரசீதுக்கு எண். துணிக்கடையில் எங்களிடம் எண் இல்லை என்று சொன்னபோது, அந்தப் பெண் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். வீட்டு எண்ணைக் கொடுத்தாலும் பத்து இலக்கத்துக்கான கட்டத்தில் அது பொருந்துவதில்லை.

பணம் கொடுப்பதிலும் இதே கதைதான். 2023 ஜனவரியில், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், கனடா, பிரிட்டன் முதலிய பத்து நாடுகளின் எண்களைக் கொண்டே, என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கு உள்ளவர்கள் யு.பி.ஐ. பயன்படுத்தலாம் என்று வழி செய்தார்கள். அதைப் புறப்படுமுன்பே வங்கியில் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நாங்கள் செய்யவில்லை. நோட்டுக் கட்டுடன் அலைந்தோம்.

எங்களுக்கும் ஒரு காலத்தில் இந்திய எண் ஒன்று இருந்தது. 2009-இல் கோவையில் வாங்கியது. ஒவ்வொரு விடுமுறைக்கும் அதைப் பழைய தொலைபேசியில் செருகிக்கொண்டு போவோம். அம்மாவுக்கு அந்த எண் மனப்பாடம். தொற்றுநோய்க் காலத்தில் மூன்று ஆண்டுகள் ஊருக்குப் போகவில்லை. பணம் போட்டு வைக்கவும் மறந்துவிட்டோம். தொண்ணூறு நாள் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் நிறுத்திவிடலாம். நிறுத்திய பின் இன்னும் தொண்ணூறு நாளாவது கழிந்துதான் வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்று ஒழுங்காற்று ஆணையம் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சொன்னதாகப் படித்தோம். எங்கள் எண் போய் அதற்குள் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஜூலை 12 இரவு குண்டலுபேட்டைக்கு வந்து விடுதி ஒன்றில் தங்கினோம். மறுநாள் ஞாயிறு. குழந்தைகளுக்குக் காட்டவேண்டிய காட்சி இங்கே ஒன்று இருக்கிறது. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை இவ்வூரைச் சுற்றி நெடுஞ்சாலையின் இரு புறங்களிலும் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். மெல்பர்னில் குளிரில் நடுங்கும் அதே வாரங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் மஞ்சள். அதற்குப் பின்னால் நீல மலை. அத்தனை பூவும் ஒரே திசை நோக்கி நிற்பதைக் கண்ட மகன், "இவற்றுக்கு யார் உத்தரவு கொடுத்தார்கள்?" என்று கேட்டான். அடுத்தடுத்த வயல்களில் ஆரஞ்சு நிறத்தில் செண்டுமல்லி. கன்னடத்திலும் அது செண்டு ஹூவுதான். ஒரு பகுதி ஓணத்துக்காகக் கேரளத்துக்குப் போகிறது. பெரும் பகுதி சாயம் எடுக்கும் ஆலைகளுக்குப் போகிறது. சூரியகாந்தி எண்ணெய்க்கு. சாலையோர வயல்களில் இப்பொழுது இன்னொரு விளைச்சலும் உண்டு: உள்ளே நின்று படம் எடுத்துக்கொள்ள ஆளுக்கு இருபது ரூபாய். வரப்பில் குடைபிடித்து நின்ற மூதாட்டி அதை வசூலித்தார். பூவை விற்றால் மழையைப் பார்க்கவேண்டும், இதற்கு அது வேண்டாம் என்று சொல்லிச் சிரித்தார்.

ஊருக்குள் பார்க்கவேண்டியவை கோயில்கள். இவ்வூரின் பழைய பெயர் விஜயபுரம். விஜயநாராயணர் கோயில் கங்கர் காலத்தது என்பர். பதினேழாம் நூற்றாண்டில் மைசூரை ஆண்ட சிக்க தேவராஜ உடையார் தம் தந்தையாரின் நினைவாக இங்கே பரவாசுதேவர் கோயிலைக் கட்டினார். நாங்கள் நின்று பார்க்க நேரம் இருக்கவில்லை. குழந்தைகள் மலைக்குப் போகவேண்டும் என்று துடித்தார்கள்.

அந்த மலை ஹிமவத் கோபாலசாமி பெட்டா. உயரம் 1,454 மீட்டர். பந்திப்பூர்ப் புலிக் காப்பகத்தின் எல்லைக்குள் இருப்பதால் சொந்த வண்டிகளை மேலே விடுவதில்லை. அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏறவேண்டும். உச்சியில் வேணுகோபாலர் கோயில். 14-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னர் கட்டியது என்று சொல்லுகிறார்கள். கோயிலைச் சுற்றிப் பனிமூட்டம் வந்து வந்து மூடுகிறது. ஒரு கணம் எதிரில் நிற்பவரைக் காணோம், மறுகணம் கீழே காடு முழுவதும் தெரிகிறது. புல்வெளியில் உட்கார்ந்து கட்டுச்சோறு உண்டோம். பேருந்துக்குக் கூட்டம் மிகுதி. அடிவாரத்துக்கு வந்து சேர மாலையாகிவிட்டது.

அங்கேதான் தொலைபேசி நின்றது. நாங்கள் கவலைப்படவில்லை. காட்டோரம் அல்லவா, கோபுரம் இருக்காது என்று நினைத்தோம். விடுதியில் சாமான்களை எடுத்துக்கொண்டு, சிற்றுண்டி முடித்து, உதகைக்குப் புறப்படவேண்டியது. குண்டலுபேட்டைக்குத் திரும்பி, தோசைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது மணி ஏழு. ஓட்டுநர் வந்து, "சார், இ-பாஸ் எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

நேயர்களில் பலர் அறிந்திருக்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். கட்டணமில்லை, வலைத்தளத்தில் பதிவு செய்தால் கியூ.ஆர். கட்டம் ஒன்று வரும், அதைச் சோதனைச் சாவடியில் காட்டவேண்டும். வண்டியின் எண்ணைக் கேட்பதால், வண்டி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டிருந்தோம். இன்னொரு பக்கம், பந்திப்பூர்க் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடுகிறார்கள். காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். வண்டியில் அடிபட்டு விலங்குகள் சாவதைத் தடுக்க 2009-இல் வந்த தடை இது. நல்ல தடை என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்று அம்மா காத்திருந்தார்கள்.

தொலைபேசியை எடுத்துப் பார்த்தால் கோபுரக் குறி நான்கு கோடும் நிறைந்து நிற்கிறது. இணையம் மட்டும் இல்லை. அணைத்துப் போட்டோம். ரோமிங்கை மூடித் திறந்தோம். நிறுவனத்தை மாற்றிப் பார்த்தோம். மூன்று தொலைபேசியிலும் ஒரே நிலை. தோசை ஆறிப்போயிற்று. அரை மணி கழித்து மகள்தான் கேட்டாள்: "நாம் பெங்களூரில் இறங்கியது எத்தனை மணிக்கு?"

ஐந்து பத்துக்கு. ஏழு நாள் என்றால் ஏழாம் நாள் நள்ளிரவு என்று நாங்களாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்களுடைய கணக்கு முதல் இணைப்பிலிருந்து ஏழு இருபத்துநான்கு மணி நேரம். எழுதித்தான் இருந்தது; நாங்கள் படிக்கவில்லை. மாலை ஐந்து பத்துக்கு, மலையடிவாரத்தில், மூன்று இணைப்பும் சேர்ந்தே முடிந்திருந்தன. கோடுகள் நிறைந்து நின்றதற்கும் பொருள் இதுதான். கோபுரம் நம்மைக் காண்கிறது. உள்ளே விடமாட்டேன் என்கிறது. குறியே இல்லையென்றால் காட்டின் குறை. குறி நிறைந்தும் இணையம் இல்லையென்றால், முதலில் பார்க்கவேண்டியது நம் கெடுவை.

மேலும் பணம் கட்டி நீட்டிக்கலாம். ஆனால் பணம் கட்டுவதற்கே இணையம் வேண்டும். விடுதியின் வைஃபை அன்று காலையிலிருந்தே வேலை செய்யவில்லை. ஓட்டுநரின் தொலைபேசியைக் கேட்டோம். அவர் கூச்சத்துடன் தலையைச் சொறிந்தார். நாளுக்கு இவ்வளவு என்று அளவு வைத்த திட்டம். நாங்கள் மலையில் பனிமூட்டம் பார்த்துக்கொண்டிருந்த நான்கு மணி நேரத்தில், அவர் வண்டியில் படுத்தபடி சினிமாப் பார்த்து அன்றைய பங்கைத் தீர்த்திருந்தார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை?

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. தாளவாடிப் பக்கத்து இளைஞர் ஒருவர் நடத்துகிறார். நாங்கள் வாசலில் நின்று தமிழில் ஒருவரையொருவர் கடிந்துகொண்டதைக் கேட்டிருக்கிறார்.

"நெட் வேணுங்களா அண்ணா? என் ஹாட்ஸ்பாட்டைப் போடறேன், சேர்ந்துக்குங்க."

கடவுச்சொல் அவருடைய மகளின் பெயர். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். ஒரு கையால் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

அடுத்தது வங்கி. அட்டை எண்ணைக் கொடுத்ததும், ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்றது. அது வருவது மெல்பர்ன் எண்ணுக்கு. கட்டணத்துக்கு அஞ்சி அந்த எண்ணை நாங்கள் அடியோடு அணைத்து வைத்திருந்தோம். இதுவும் அறியாமைதான்; ரோமிங் இணையத்தை மட்டும் மூடிவைத்தால் போதும். எங்கள் நிறுவனத்தில் வரும் குறுஞ்செய்திக்குக் கட்டணமில்லை என்பதைப் பிறகுதான் பார்த்தோம். எண்ணைத் திறந்ததும் ஏழு நாள் செய்திகள் வரிசையாக விழுந்தன. கடைசியாக அந்த ஆறு இலக்கமும் வந்தது. ஒரு தொலைபேசிக்கு மட்டும் நீட்டித்தோம்.

இ-பாஸ் எஞ்சியது. வெளிநாட்டிலிருந்து வருவோர் மின்னஞ்சல் கொண்டு பதியலாம். அதை முன்பே செய்திருக்கலாம். அந்த அவசரத்தில் ஓட்டுநர் தம் எண்ணைக் கொடுத்தார். அவருடைய தொலைபேசிக்குச் செய்தி வந்தது, அவர் சத்தமாகப் படித்தார், நாங்கள் எழுதினோம். இணைப்பு ஒருவரிடம் கடன், எண் இன்னொருவரிடம் கடன். பாஸ் வந்துவிட்டது. மணி ஏழு ஐம்பத்தைந்து. இளைஞரிடம் நூறு ரூபாயை நீட்டினோம். நான்கு தேநீருக்கு நாற்பது எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். "காத்துக்குக் காசு வாங்குவாங்களா அண்ணா? போங்க, கேட்டு மூடிருவாங்க."

பந்திப்பூர் வாயிலான மேலுகாமனஹள்ளிச் சாவடியை எட்டே காலுக்குப் பின் கடந்தோம். காட்டுக்குள் வேகம் போகலாகாது. விளக்கொளியில் புள்ளிமான் கூட்டம் ஒன்று நின்றது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, அவை கடக்கும்வரை காத்திருந்தார். எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவருக்கு அவசரமே இல்லை. இந்தியா 1973-இல் புலிகளைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட ஒன்பது காடுகளில் இது ஒன்று. புலி கண்ணில் படவில்லை. தமிழ்நாட்டு எல்லையான கக்கநல்லாவுக்கு வந்தபோது மணி எட்டு ஐம்பத்தொன்று. பாஸைக் காட்டினோம். விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையசைத்தார்கள்.

கூடலூரில் இணைப்பு வந்தது. வாட்ஸ்அப்பில் அம்மாவின் பதினொரு அழைப்புகள் காத்திருந்தன. தங்கையின் தொலைபேசிக்குப் பேசினோம். "வரட்டும், வரட்டும்" என்று மட்டும் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

உதகையை அடைந்தபோது மணி பதினொன்று. அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகளைத் தடவிப் பார்த்தார்கள். சாப்பாடு போட்டு முடிந்த பிறகுதான் கேட்டார்கள்.

"ஏன் கண்ணு, உன் போனுக்கு என்ன நம்பர்?"

நம்பர் இல்லை, இணையம் மட்டுந்தான் என்று விளக்கினோம். இ-சிம்மைப் பற்றி நாங்கள் மேலே எழுதியவற்றையெல்லாம் சொன்னோம். அம்மா பொறுமையாகக் கேட்டார்கள்.

"நம்பர் இல்லாத போனை வெச்சுக்கிட்டு எப்படிக் கண்ணு ஊருக்கு வந்தே?"

பிறகு தங்கை நடந்ததைச் சொன்னாள். ஆறு மணியிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மெல்பர்ன் எண் அணைந்திருக்கிறது. எட்டு மணிக்கு அம்மா நாட்காட்டியின் பின்புறம் எழுதியிருந்த எங்கள் பழைய கோவை எண்ணைத் தாமே அழுத்தியிருக்கிறார்கள். யாரோ எடுத்தார். "எங்கே கண்ணு இருக்கீங்க?" என்று அம்மா அழுதிருக்கிறார்கள். அவர் தவறான எண் என்று சொல்லி வைத்துவிடவில்லை. திண்டுக்கல்லில் லாரி ஓட்டுபவராம். யாரம்மா வரவேண்டும், எந்த வழியாக என்று கேட்டிருக்கிறார். குண்டலுபேட்டை வழி என்றதும், "அந்தக் காட்டுல சிக்னல் இருக்காதும்மா, நான் வாரம் ரெண்டு தடவை போறேன். ஒன்பதுக்குள்ள தாண்டினா பதினொண்ணுக்கு வந்துருவாங்க. சாப்பிட்டுட்டு இருங்க" என்றாராம். அம்மா சாப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

"அந்தத் தம்பி பத்து மணிக்கு மறுபடியும் கூப்பிட்டுக் கேட்டுது. வந்துட்டீங்கன்னு சொல்லிரு" என்றார்கள் அம்மா.

இந்த நேரத்தில் தூங்கியிருப்பாரே என்று தயங்கினோம். லாரிக்காரர் எங்கே தூங்குவார் என்றார்கள். எங்கள் தொலைபேசியில் அந்த அழைப்புக்கு வழியில்லை. தங்கையின் தொலைபேசியை வாங்கி, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் எங்களுடையதாக இருந்த எண்ணை அழுத்தினோம். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்களாம்மா?" என்றார்.